மேல்வீட்டக்காவின் ரிப்போர்ட்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைபேசிக்கு வந்தபோது அவள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, பாரம் தூக்கும் நைலான் பட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் பிரிந்த பட்டை ஒரு பக்கம், நல்ல பட்டை இன்னொரு பக்கம். கண்ணை மூடிக்கொண்டே செய்யக்கூடிய வேலை. அதனாலேயே அவளுக்குப் பிடிக்காத வேலை.

அவள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். அந்தக் கட்டட வேலைத்தளத்தில் அவளுக்கு மேல்வீட்டக்கா என்று பெயர். காலையில் இடுப்பிலும் தொடையிலும் பாதுகாப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, கோபுரத்தின் உள்ளே செங்குத்தாகப் போகும் ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் தரையை மிதிப்பாள். "மேல்வீட்டுக்கு வாடகை எவ்ளோக்கா?" என்று கம்பி கட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள். "தண்ணி வசதி இல்லாத வீடு, பாதி வாடகைதான்" என்பாள். கடந்த ஐந்து மாதமாக அந்த வீட்டில் வேறொருவர் குடியிருந்தார். இவள் ஸ்டோரில் பட்டை தடவிக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட்டைத் திறந்தாள். எஸ்ட்ராடயால் என்ற ஹார்மோன் வரியில், இருக்க வேண்டிய அளவு ஒரு ஓரத்தில் அடக்கமாக இருந்தது. அவளுடைய அளவு அதைப் போலப் பல மடங்கு. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு தடித்த அம்புக்குறி. கிரேன் கூண்டில் பாரம் அளவை மீறினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. அந்த அம்புக்குறியைப் பார்த்தபோது அவளுக்கு அந்த விளக்குதான் ஞாபகம் வந்தது.

யாரிடமாவது காட்டலாம் என்று கைபேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். மகள் வேறு ஊரில் விடுதியில் இருக்கிறாள், பரீட்சை நேரம். கணவர் பஸ் டிரைவர், மதியம் முதல் ராத்திரி வரை வண்டியில் இருப்பார். அதோடு, அவருக்கு இந்த விஷயமே தெரியாது. தெரியவும் கூடாது. பெயர்ப் பட்டியல் முடிந்தது. பட்டையை எடுத்து மறுபடி தடவ ஆரம்பித்தாள்.

எல்லாம் போன வருஷம் தொடங்கியது. வயது நாற்பத்து மூன்று. மாதவிலக்கு மூன்று வாரத்தில் ஒருமுறை வந்தது, பிறகு இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை, பிறகு கிரேன் கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது அணை உடைந்த மாதிரி வந்தது. ஏணியில் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் கீழே கான்கிரீட் இறுகிவிடும், எனவே பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நெஞ்சிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாகக் காதுக்கு ஏறும் சூடு தனிக் கதை. அடுப்பங்கரையில் இல்லாத நெருப்பு அவள் உடம்பில் இருந்தது. தூக்கம் போயே போய்விட்டது. அவள் போர்வையை உதைப்பதும் இழுப்பதுமாக இருந்ததில், களைத்து வரும் மனிதருக்குத் தூக்கம் கெடுகிறதே என்று அவளேதான் கணவரை மகளுடைய அறையில் படுக்கச் சொன்னாள். அவரும் தலையணையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை.

பிறகு அந்த நாள். கொக்கியில் ஒரு கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்று வயர்லெஸ்ஸில் வழி சொல்லும் சிக்னல்மேன், "அக்கா, மெதுவா எறக்கு" என்றான். அவள் கை நின்றுவிட்டது. எந்த நெம்புகோல் என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் பிடித்த கை. இரண்டு மூச்சு விடும் நேரம்தான், பிறகு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கட்டு பத்திரமாக இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய்த் தோள் வலி என்று சொல்லி, தரை வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஹார்மோன் எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். கூண்டில் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு டென்ஷன் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். இரண்டாவதாகப் பார்த்த பெண் டாக்டர் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பேசவிட்டார். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த முறை அதே ஹார்மோன் எகிறியிருந்தது. மாதவிலக்கு நிற்கப்போகும் இந்த வயதில் அது இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும், ஒரு நாள் எடுத்த ரத்தம் அந்த ஒரு நாளைத்தான் சொல்லும் என்றார் டாக்டர். அவளுக்குப் புரிந்தது. கிரேன் உச்சியில் காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. ஒரு வீச்சு அடிக்கும்போது பார்த்தால் புயல் என்று சொல்லும், அடுத்த நிமிஷம் பார்த்தால் இலைகூட அசையாது என்று சொல்லும்.

தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல், ராத்திரி விழுங்க ஒரு புரோஜெஸ்டிரோன் மாத்திரை. ஜெல்லைத் தோள் பக்கமாக மேல்கையிலோ தொடையிலோ தடவ வேண்டும், காய்ந்த பிறகும் ஒரு மணி நேரம் வீட்டுக்காரர் தோல் அந்த இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கவனமாகச் சொன்னார். அவள் கவனமாகத் தலையாட்டினாள். அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுவதில் அவர்கள் வீட்டில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

சிரமம் வேறு இடத்தில் இருந்தது. அவளுடைய நாத்தனார், கணவரின் ஒரே அக்கா, சில வருஷம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர். பிறகு மார்பில் புற்றுநோய் வந்து இறந்துபோனார். மாத்திரையால் வந்ததா, வர இருந்தது வந்ததா, யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசிவரை பக்கத்திலிருந்து பார்த்த தம்பி தீர்ப்பு எழுதிவிட்டார். ஒருநாள் டிவியில் யாரோ ஒரு டாக்டர் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எழுந்து அணைத்துவிட்டு, "அந்தக் கருமம் இந்த வீட்டுக்குள்ள நுழையக் கூடாது" என்றார். யாரும் அதை அழைத்து வரப்போவதாக அதுவரை சொல்லியிருக்கவில்லை.

டாக்டரிடம் இதைப் பாதிதான் சொன்னாள். நாத்தனார் ரத்த சொந்தம் இல்லையே, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை. மார்புப் படம் எடுத்துப் பார்த்தார். ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், உங்களுக்கு அது சின்னது, வருஷா வருஷம் பார்த்துக்கொள்வோம் என்றார். பொய் சொல்லாத டாக்டர் என்பதற்காகவே அவள் சம்மதித்தாள். மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரை டப்பாவுக்குள் கொட்டி ஒளித்தாள். ஜெல் பாட்டில் பெரியது, பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அது ஸ்டோர் லாக்கருக்குப் போனது.

ஒரு மாதத்தில் தூக்கம் வந்தது. சூடு தணிந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் ஸ்டோரில் ஒரு கொக்கியின் எடையைக் கேட்டவனுக்கு யோசிக்காமல் பதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் யோசிக்காமல் சொன்னது உறைத்தது. அன்று வெகுநேரம் சந்தோஷமாக இருந்தாள், தனியாகவே. அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் வந்தார். பக்கத்து மனையில் புதிய கோபுரம் எழும்புகிறது, அடுத்த மாதக் கடைசியில் கிரேன் நிறுவுகிறோம், நீங்கள் ஏறுகிறீர்களா, வேறு ஆள் போடட்டுமா, இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள் என்றார். டாக்டரிடம் சொன்னபோது அவரும் நல்லது என்றார். மருந்து தோல் வழியாகச் சரியாக உள்ளே போகிறதா என்று ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிட்டால் நிம்மதி என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த ரத்தத்தின் ரிப்போர்ட்தான் இது.

சாயங்காலம் டாக்டரே கூப்பிட்டார்.

"எவ்ளோ போடறீங்க?"

"ரெண்டு அமுக்கு."

"ரெண்டுதானா? நல்லா இருக்கேன்னு சில பேர் கூடப் போட்டுக்குவாங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன், சொன்னாப் போதும்."

"ரெண்டுதான் டாக்டர்."

டாக்டர் ரிப்போர்ட்டில் இருந்த எண்ணை மறுபடி வாசித்தார். சர்க்கரை டப்பாவுக்குள் கைவிட்டுப் பிடிபட்ட குழந்தையைப் போல அவளுக்கு முகம் சுட்டது. திருடவில்லை, ஆனால் விரலில் சர்க்கரை ஒட்டியிருக்கிறதே. அடுத்த முறை பார்க்கும் வரை ஜெல்லை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். கிரேன் ஏறுவதை அதற்குப் பிறகு பேசலாம். வரும்போது கூட யாரையாவது கூட்டி வாருங்கள், நீங்கள் கவனிக்காததை வீட்டில் இருப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்கள். அவள் விடியும் முன் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வரும்போது அவள் படுத்திருப்பாள். அவர் குடித்து வைத்த டம்ளர், அணைக்காமல் போன ரேடியோ, குளியலறையில் ஈரத் துண்டு, இவற்றை வைத்துத்தான் ஒரு ஆண் அந்த வீட்டில் வசிக்கிறார் என்று கணக்கு. பகலெல்லாம் ஆகாயத்தில் ஒற்றையாக உட்கார்ந்திருந்த காலத்தில்கூட அவள் தனியாக இருப்பதாக நினைத்ததில்லை. காதில் ஒரு குரல் 'கொஞ்சம் லெப்ட்டு, இன்னும் கொஞ்சம், போதும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

ஜெல்லை நிறுத்தின வாரத்திலேயே சூடு திரும்பிவிட்டது. தூக்கமும் மெல்ல நழுவியது. ஞாயிற்றுக்கிழமை கணவர் ஒழுகுகிற குழாயைக் கழற்றி உட்கார்ந்திருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போகணும். கூட வர்றீங்களா?"

"என்ன உடம்புக்கு?"

வாய் வரை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்த முகத்தில் நாத்தனாரின் மூக்கு இருந்தது.

"தோள் வலி."

"தோள் வலிக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

நியாயமான கேள்வி. அவளே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே குழாயைத் திருகினார். அவ்வளவுதான், கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது பேச்சு.

கடைசியில் அவள் கேட்டது சிக்னல்மேனிடம். வேலைத்தளத்தில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். நெட்டை ஆள், பாரம் வரும்வரை ஒற்றைக் காலில் நிற்கிற பழக்கம். அவளைவிடப் பத்து வயது சின்னவன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா.

"நானா? எனக்கு ஊசின்னா பயம்க்கா."

"ஊசி எனக்குடா."

"பாக்கறதுக்கே பயம்."

இருந்தும் வந்தான். போட்டோ எடுக்கப் போகிறவன் மாதிரி தலையைப் படிய வாரி, முழுக்கைச் சட்டை போட்டு வந்தான். டாக்டர் அவனைப் பார்த்ததும் மலர்ந்து, "நீங்கதான் ஹஸ்பெண்டா?" என்றார்.

"ஐயோ இல்லீங்க. அவங்க மேல, நான் கீழ."

டாக்டரின் புருவம் உயர்ந்தது. அவள் அவசரமாகக் கிரேனைப் பற்றியும் வயர்லெஸ்ஸைப் பற்றியும் விளக்கினாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரி, இவங்ககிட்ட ஏதாவது மாற்றம் கவனிச்சீங்களா என்று அவனைக் கேட்டார்.

கொக்குக்கு வாய் கொடுத்தால் போதும். போன வருஷம் அக்கா மேலே இருந்தபோதே தெரியும் என்றான். "வயர்லெஸ்ல பேசறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு கேக்கும் டாக்டர். அத வச்சே சொல்லிடுவேன், ராத்திரி தூங்கினாங்களா இல்லையான்னு. அந்தக் கம்பிக்கட்டு அன்னைக்கு மூச்சே கேக்கல. நான் கீழ நின்ன ஆளுங்கள எல்லாம் வெலகச் சொல்லிட்டேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை மாதமாக நினைத்திருந்தாள்.

"நடுவுல நல்லாத்தான் இருந்தாங்க," அவன் தொடர்ந்தான். "அந்தத் தைலம் தேக்க ஆரம்பிச்சதுல இருந்து. இப்ப பத்து நாளா மறுபடியும் மூஞ்சி சரியில்ல."

"என்ன தைலம்?"

"முட்டித் தைலம். தெனம் காலைல ஸ்டோர் வாசல்ல நின்னு தேச்சுக்குவாங்களே? எனக்கும் முட்டி வலி, ஒருநாள் கொஞ்சம் கேட்டேன். சொத்தையே கேட்ட மாதிரி வள்ளுன்னு விழுந்தாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எங்கே தேய்ப்பார்கள், காட்டுங்கள் என்றார். கொக்கு தன் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டி, உள்பக்க மடிப்பில் விரலை வைத்து, மேலும் கீழுமாகத் தேய்த்துக் காட்டினான். அச்சு அசலாக அவள் செய்வது போலவே இருந்தது.

டாக்டர் இப்போது அவளைப் பார்த்தார். "ரத்தம் எந்தக் கைல எடுத்தாங்க?"

"இதே கைதான்."

"இதே எடத்துல. அன்னைக்குக் காலைல ஜெல் போட்டீங்களா?"

"போட்டுட்டுத்தான் போனேன். அன்னைக்கு மட்டும் போட வேண்டாம்னு யாரும் சொல்லலியே."

"நான் சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டர். "எவ்ளோ போடறீங்கன்னு கேட்டேனே தவிர, எங்க தடவறீங்கன்னு கேக்கவே இல்ல பாருங்க. என் தப்புதான்."

பிறகு விளக்கினார். ஊசி தோலைத் துளைத்துப் போகும்போது தோலில் படிந்திருந்த மருந்தையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறது. மருந்தோ துளியிலும் துளி இருந்தாலே அளவை ஏற்றிவிடும். தராசில் கத்திரிக்காயோடு கடைக்காரர் கட்டைவிரலும் உட்கார்ந்துகொண்ட மாதிரிதான். அந்த எண் அவளுடைய ரத்தத்தின் எண்ணே இல்லை. அவள் கூடப் போட்டுக்கொண்டிருந்தால் மார்பு கனத்திருக்கும், தலை வலித்திருக்கும், அப்படி எதுவும் இல்லாதது தனக்கும் உறுத்தியது என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். பத்து நாளாகத் தன் ரத்தமே தன்மேல் பொய்ச் சாட்சி சொல்லிவிட்டதாக நினைத்திருந்தாள்.

"மேல்கைன்னு சொன்னேனே. ஏன் முழங்கைல போட்டீங்க?"

"வேலைச் சட்டையோட கை அதுக்கு மேல சுருளாது டாக்டர். தொடைல போட்டுப் பழகிட்டா, மறுபடி ஏணி ஏறும்போது பட்டை உரசும்னு விட்டுட்டேன்."

"அப்ப வீட்லயே போட்டுட்டுக் கெளம்பலாமே?"

கொக்கு சுவரில் மாட்டியிருந்த கருப்பையின் படத்தைப் பார்த்தான். பிறகு அதிலிருந்தும் கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தான். அவள் சொன்னாள். நாத்தனாரை, டிவியை, லாக்கரை, இரும்புச்சத்து டப்பாவை. உரக்கச் சொல்லிக் கேட்பது அவளுக்கே அதுதான் முதல் தடவை. கேட்கும்போது அது ஏதோ கள்ளக்காதல் கதை மாதிரி இருந்தது.

டாக்டர் புத்தி சொல்லவில்லை. ஜெல்லை இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள், வீட்டில், குளித்த பிறகு, மேல்கையின் வெளிப்பக்கம். தூக்கம் நிலைத்த பிறகு ஏறலாம். சில வாரத்தில் மறுபடி ரத்தம், அன்று காலை ஜெல் இல்லாமல், அடுத்த கையில். "ரிப்போர்ட் பின்னால வரட்டும். நீங்க தூங்கறீங்களா, அதான் எனக்கு முதல் ரிப்போர்ட்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் கொக்கு சுருட்டிய சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டான். பிறகு, "அக்கா, தைலம் தராததுக்கு உங்களை இன்னைக்குத்தான் மன்னிச்சேன்" என்றான். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பேச்சும் அடங்கியது. வயர்லெஸ்ஸில் மணிக்கணக்காகப் பேசுகிற இரண்டு பேருக்குத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேச அவ்வளவாக ஒன்றுமில்லை. அவன் பஸ் முதலில் வந்தது. ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கி, 'எல்லாம் சரி, தூக்கு' என்ற சைகையைக் காட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் மேனேஜரிடம், கிரேன் தயாரானதும் ஏறுகிறேன் என்றாள். சொன்ன கையோடு லாக்கரைத் திறந்து பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஏற வேண்டுமென்றால் அது வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அவருக்குத் தெரிய வேண்டும். ஒளித்து ஒளித்து ஒருமுறை கணக்கு தப்பாகிவிட்டது. இன்னொரு தப்பைத் தலைக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு கீழே ஆட்களை நடக்கவிட அவளால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு, சாப்பாட்டு மேசையில் பாட்டிலை வைத்தாள். பக்கத்தில் இரும்புச்சத்து டப்பா. மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த விவரக் காகிதத்தையும் வைத்தாள்.

"இது என்ன?"

"உங்க அக்கா சாப்பிட்டாங்களே, அந்த மாதிரி ஒண்ணு. தோல்ல போடறது. நாலு மாசமா போடறேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எங்க வச்சிருந்த?"

"ஸ்டோர் லாக்கர்ல."

"அப்ப அங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்."

"தைலம்னு நெனச்சாங்க."

அவர் பாட்டிலைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். "கடைசில அவளக் குளிப்பாட்டி விட்டதெல்லாம் நான்தான்," என்றார்.

"தெரியும்."

"உனக்குத் தெரியாது."

அவள் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். மார்புப் படம், வருஷா வருஷம் பரிசோதனை, அக்காவின் ரத்தம் வேறு தன் ரத்தம் வேறு என்பது, கம்பிக்கட்டு அன்று கை நின்றுபோனது. பின்னால் உட்கார்ந்து புகார் சொல்லும் பயணிக்குக் காது கொடுக்கிற டிரைவர் மாதிரி, முன்னால் மட்டும் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

"அப்படித்தான் வச்சிருந்தேன். அதுலதான் ரிப்போர்ட்டே தப்பா வந்துடுச்சு."

அவர் எழுந்து மகளுடைய அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை. உள்ளே யாரோ தூங்குவது போல, சத்தம் வராமல் சாத்தினார்.

பாட்டிலை எடுத்துக் குளியலறை அலமாரியில், அவருடைய சவர சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் விடியலில் குளித்துவிட்டு, கண்ணாடி முன் நின்று, மேல்கையில் தடவிக்கொண்டாள். கதவைத் தாழிடாமலே செய்தாள். யாரும் வரவில்லை.

அந்த வாரமும் அடுத்த வாரமும் அவர்கள் பேசிக்கொண்டது கேஸ் தீர்ந்துவிட்டது, மகள் கூப்பிட்டாள், மழை வரும் போலிருக்கிறது, இவ்வளவுதான். பாட்டில் வைத்த இடத்தில் இருந்தது. தூக்கம் திரும்பியது. சூடு விலகியது. இத்தனை நாளும் வீட்டின் வெறுமையை அவள் ஹார்மோன் கணக்கில் எழுதி வைத்திருந்தாள், உடம்பு சரியானால் அதுவும் சரியாகும் என்று. இப்போது நன்றாகத் தூங்கி எழுந்த கண்ணுக்கு வீடு இன்னும் தெளிவாகக் காலியாகத் தெரிந்தது. மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவருடைய சீருடைச் சட்டை தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துவிட்டுக் கிளம்புவாள்.

அடுத்த கையில் ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் வந்தது. இருக்க வேண்டிய இரண்டு எண்களுக்கு நடுவில், அவளுடைய எண் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அம்புக்குறி இல்லை. பரிசோதனை நிலையத்தின் படிக்கட்டில் நின்று அதை இரண்டு முறை படித்தாள். பக்கத்துக் கடையில் ஒரு பன் வாங்கி, நின்றபடியே தின்றாள். அதுதான் கொண்டாட்டம்.

புதிய கிரேனின் ஏணி இன்னும் பெயின்ட் வாசனையோடு இருந்தது. நடுவில் மேடை வரும்போதெல்லாம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். கூண்டின் கதவைத் திறந்ததும் காற்று சட்டைக்குள் புகுந்தது. நாற்காலியைத் தன் முதுகுக்கு ஏற்றபடி தள்ளிக்கொண்டாள். நெம்புகோல்களில் கையை வைத்தாள். கை எதையும் யோசிக்கவில்லை.

"மேல்வீட்டுக்கு ஆள் வந்தாச்சா?" என்றது காது.

"வந்தாச்சு. தண்ணி வசதி இன்னும் பண்ணல."

கொக்கு சிரித்த பிறகு சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. தன் மூச்சைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு, "சரிக்கா. முதல் தூக்கு" என்றான்.

மதிய இடைவேளையில் கொக்கியை மேலே இழுத்து நிறுத்திவிட்டு டப்பாவைத் திறந்தபோது கைபேசி ஒலித்தது. கணவர். வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. மகளுக்கு ஏதோ என்று பதறி எடுத்தாள்.

"மேலயா இருக்க?" என்றார்.

"ஆமா. சாப்பிடறேன். என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஏறும்போது மூச்சு வாங்குச்சா?"

"வாங்குச்சு. ஆறு மாசம் ஆச்சே."

பின்னால் பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. டிப்போவில் இருக்கிறார், வண்டி எடுக்கப் போகிறார். அவர் வைத்துவிடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"அந்தக் காகிதத்தப் படிச்சேன்."

"முழுசாவா?"

"பொடி எழுத்து. பாதி புரியல."

"எனக்கும் பாதிதான் புரிஞ்சுது. டாக்டர்கிட்ட கேட்டேன். ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

"ம்." மறுபடி எஞ்சின் சத்தம். "ரிப்போர்ட்டு?"

"சரியா இருக்கு."

"சரின்னா?"

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எண்ணைச் சொன்னால் அவருக்கு என்ன புரியும். "சரின்னா, தூங்கறேன்," என்றாள்.

"தெரியும். ராத்திரி வரும்போது நின்னு கேப்பேன். இப்ப கொறட்டை விடற."

எத்தனை ராத்திரி, எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்க நினைத்தாள். தன் அறைக் கதவை அவள் ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை என்பதையும் சொல்ல நினைத்தாள். கைபேசியில் சொல்கிற பேச்சாக அது தோன்றவில்லை.

"வண்டி எடுக்கணும்," என்றார் அவர்.

"சரி. பாத்துப் போங்க."

"நீயும்."

அதற்குப் பிறகும் இருவரும் வைக்கவில்லை. அவர் பக்கம் எஞ்சின், இவள் பக்கம் காற்று. யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது, இணைப்பு அறுந்தது.

கீழே நகரம் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு தெருவில் அவருடைய பஸ்ஸும் போகும். இங்கிருந்து எல்லா பஸ்ஸும் ஒன்று போலத்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. மீதிச் சாப்பாட்டை முடித்து, டப்பாவை மூடி, கைபேசியை அணைத்துப் பையில் வைத்தாள். கொக்கு பலகைக் கட்டின் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொக்கியை இறக்கினாள்.